பதில் எழுதப்படாத கடிதங்களின் விலை

2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களை மீளச் செலுத்துவதை இலங்கை இடைநிறுத்துவதாக அறிவிக்கப்பட்டபோது மக்களின் கவனம் எரிவாயு வரிசைகளிலும் எரிபொருள் வரிசைகளிலுமே இருந்தது. அது இயல்பானதே. ஆனால் அந்த அறிவிப்பைத் தொடர்ந்து வெளிநாட்டுக் கடன்பணத்தில் நடைபெற்றுவந்த பாரிய நிர்மாண வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. மத்திய அதிவேக நெடுஞ்சாலையின் கடவத்தை - மீரிகம பகுதி, கட்டுநாயக்க விமான நிலையத்தின் இரண்டாம் பயணிகள் முனையம் ஆகியன அவற்றுள் பலரும் அறிந்தவை.

வேலை நின்றது; ஆனால் வேலைக்காகக் கைச்சாத்திடப்பட்ட ஒப்பந்தம் நிற்பதில்லை. அதிலுள்ள நாட்கணக்கு ஓடிக்கொண்டேயிருக்கும். செலுத்தப்படாத பட்டியல்களுக்கு வட்டி ஏறும். வேலைத்தளத்தில் சும்மா நிற்கும் இயந்திரத்துக்கும் கணக்கெழுதப்படும். ஜப்பான் தனது கடனுதவித் திட்டங்களை மீளத் தொடங்குவதாக 2024 ஜூலையில் அறிவித்தது. கடவத்தை - மீரிகம பகுதியின் வேலைகள் 2025 செப்டெம்பரில் மீண்டும் ஆரம்பிக்கப்பட்டன. இத்தகைய மீளாரம்பங்களின்போது வைபவம் தலைப்புச் செய்தியாகிறது. இடைப்பட்ட காலத்துக்கு ஒப்பந்தக்காரர்கள் முன்வைக்கும் கோரிக்கைகள் எவ்வாறு தீர்க்கப்படுகின்றன என்பதோ பொதுமக்களின் கண்ணில் படுவதில்லை. அவற்றுக்கான பணம் திறைசேரியிலிருந்தே செல்ல வேண்டும்; திறைசேரிக்கு அப்பணம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆகவே சர்வதேச நிர்மாண ஒப்பந்தமொன்று கைச்சாத்திடப்பட்ட பின்னர் நாளாந்தம் எவ்வாறு நிர்வகிக்கப்படுகிறது என்பதை அறிந்துவைப்பது பொறியியலாளருக்கும் சட்டத்தரணிக்கும் மட்டும் உரிய விடயமல்ல என்று நாம் கருதுகிறோம்.

உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கி, ஜப்பான் போன்ற தரப்பினரின் பணத்தில் நடைபெறும் வேலைகளின் ஒப்பந்த நிபந்தனைகள் பெரும்பாலும் ஒரே மூலத்திலிருந்து வருபவை. ஃபிடிக் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆலோசனைப் பொறியியலாளர்களின் சர்வதேச சம்மேளனம் 1913இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் தோன்றியது. இன்று அதன் தலைமையகம் ஜெனீவாவில் உள்ளது. அது 1957இல் வெளியிட்ட மாதிரி நிபந்தனைத் தொகுதி, அட்டையின் நிறத்தால் சிவப்புப் புத்தகம் எனப் பெயர்பெற்றது. 1999இல் சிவப்பு, மஞ்சள், வெள்ளி என வரிசையாகப் புதிய புத்தகங்கள் வந்தன. வடிவமைப்பைத் தொழில்தருநரே செய்து கொடுத்தால் சிவப்பு; ஒப்பந்தக்காரர் வடிவமைத்தால் மஞ்சள்; முழுப் பொறுப்பையும் ஏற்றுத் திறவுகோலைக் கையளிக்கும் வகையாயின் வெள்ளி. 2017இல் இவற்றின் இரண்டாம் பதிப்பு வெளியானது. ஆயினும் 1999ஆம் ஆண்டுப் பதிப்பையும், அபிவிருத்தி வங்கிகளுக்காக அதிலிருந்து திருத்தியமைக்கப்பட்ட பதிப்பையும் கொண்டு எழுதப்பட்ட ஒப்பந்தங்கள் இன்றும் பல நாடுகளில் நடைமுறையிலுள்ளன. எனவே இங்கு நாம் கூறும் நாட்கணக்குகள், வேறாகக் குறிப்பிடாதவிடத்து, 1999ஆம் ஆண்டுச் சிவப்புப் புத்தகத்துக்கு உரியவை. தம் கையிலுள்ள ஒப்பந்தத்தின் விசேட நிபந்தனைகளில் அவை மாற்றப்பட்டிருக்கின்றனவா என்பதை ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ள வேண்டும். மாற்றப்பட்டிருப்பதே வழக்கம்.

இந்த ஒப்பந்தங்களில் விநோதமான இடத்தில் இருப்பவர் 'பொறியியலாளர்'. அவரை நியமிப்பவர் தொழில்தருநர்; சம்பளம் கொடுப்பவரும் அவரே. அரசாங்க வேலைகளில் தொழில்தருநர் என்பது ஓர் அதிகாரசபையாகவோ அமைச்சாகவோ இருக்கும். அன்றாட விடயங்களில் பொறியியலாளர் தொழில்தருநருக்காகவே செயற்படுகிறார். ஆனால் ஒப்பந்தக்காரர் கூடுதல் காலமோ பணமோ கேட்கும்போது, இரு தரப்பையும் கேட்டு, உடன்பாடு ஏற்படாவிட்டால் நியாயமான தீர்மானமொன்றை வழங்க வேண்டியவரும் அவர்தான். 2017ஆம் ஆண்டுப் பதிப்பு இன்னும் ஒருபடி மேலே சென்று, அத்தகைய வேளைகளில் அவர் நடுநிலையாகச் செயற்பட வேண்டும் என்று வெளிப்படையாகவே எழுதிவைத்தது. ஒரு தரப்பின் சோற்றை உண்டுகொண்டு நடுவராக இருப்பது மனிதருக்கு எளிதான காரியமல்ல. திட்டப் பணிப்பாளரையே பொறியியலாளராக நியமிக்கும்போதும், கூடுதல் பணம் வழங்கும் எந்தத் தீர்மானத்துக்கும் தொழில்தருநரின் முன்அனுமதி தேவை என்று விசேட நிபந்தனையில் சேர்க்கும்போதும் அது மேலும் கடினமாகிறது. பொதுப் பணத்துக்குக் காவலாக இருக்கட்டும் என்றே இவ்வாறு செய்யப்படுகிறது. நடைமுறையில் விளைவது வேறு. அனுமதிக் கோவை மேசைக்கு மேசை நகர்கிறது. கணக்காய்வு வினாவுக்கு அஞ்சி எவரும் கையொப்பமிடுவதில்லை. பொறியியலாளருக்குரிய காலக்கெடு கடந்துவிடுகிறது. ஐந்து மில்லியன் ரூபாயுடன் முடிந்திருக்க வேண்டிய விடயம் சில ஆண்டுகளின் பின் வட்டியும் சட்டச் செலவும் சேர்ந்து வேறு உருவெடுத்து வருகிறது. கையொப்பமிட்ட அதிகாரியிடம் கணக்காய்வு கேள்வி கேட்கும். கையொப்பமிடாமல் தாமதித்தவரிடம் அனேகமாக யாரும் கேட்பதில்லை.

தாமதங்களின் முதற்காரணம் பெரும்பாலும் காணியிலேயே தொடங்குகிறது. கேள்விமனுவின் பிற்சேர்க்கையில் குறிப்பிட்ட திகதியில் வேலைத்தளத்தைத் தொழில்தருநர் கையளிக்க வேண்டும். கையளிக்கத் தவறினால் ஒப்பந்தக்காரருக்குக் கூடுதல் காலம், ஏற்பட்ட செலவு, அதன்மேல் நியாயமான இலாபம் மூன்றும் உண்டு. எமது நாட்டிலோ காணி சுவீகரிப்பு முடியுமுன்னரே ஒப்பந்தம் கைச்சாத்தாவது புதினமல்ல. காணிக்கு மட்டுமன்றி மூலவளத்துக்கும் இது பொருந்தும். யாழ்ப்பாணம் - கிளிநொச்சி நீர்வழங்கல் திட்டத்தை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுக்கு அங்கீகாரம் கிடைத்தபோது நீர் இரணைமடுவிலிருந்து வருவதாக இருந்தது. கிளிநொச்சி விவசாயிகளின் எதிர்ப்பின் பின் அது கைவிடப்பட்டு, கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் தாளையடியில் அமைந்து 2024 ஆகஸ்டிலேயே திறந்துவைக்கப்பட்டது. விவசாயிகளின் அச்சம் நியாயமானதா என்பது வேறு விவாதம். நீர் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு விடை காணாமல் குழாய்க்கு ஒப்பந்தம் எழுதினால் அதற்கான ஆபத்து தொழில்தருநரின் தலையில்தான் விழும் என்பதையே இங்கு சுட்டுகிறோம்.

அடுத்தது பணம். மாதாந்தப் பட்டியலை ஒப்பந்தக்காரர் சமர்ப்பித்த 28 நாட்களுக்குள் பொறியியலாளர் இடைக்காலக் கொடுப்பனவுச் சான்றிதழை வழங்க வேண்டும். பட்டியல் பொறியியலாளருக்குக் கிடைத்ததிலிருந்து 56 நாட்களுக்குள் தொழில்தருநர் பணத்தைச் செலுத்த வேண்டும். செலுத்தாவிடின் ஒப்பந்தக்காரர் கேட்காமலே, சான்றிதழும் இல்லாமலே, நிதிச் செலவுக்கான வட்டி சேரத் தொடங்கும். அந்த வட்டி, கொடுப்பனவு நாணயத்துக்குரிய நாட்டின் மத்திய வங்கியின் கழிவு வீதத்துக்கு மேல் 3 சதவீதப் புள்ளிகள், மாதந்தோறும் கூட்டுவட்டி.

கூட்டுவட்டி என்ற சொல்லை வாசித்துவிட்டுக் கடந்து செல்வது எளிது. ஒரு கணக்கைப் பார்ப்போம். 100 மில்லியன் ரூபாய் பட்டியல் ஒன்று இரண்டு ஆண்டுகள் செலுத்தப்படாமல் கிடக்கிறது என்று கொள்வோம். ஆண்டு வட்டி 12 சதவீதமாயின் அது ஏறத்தாழ 127 மில்லியன் ஆகும். 18 சதவீதமாயின் ஏறத்தாழ 143 மில்லியன். இது கற்பனைப் பயமுறுத்தலல்ல. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி எமது மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. நாட்டில் பணம் இல்லாதுபோன அதே காலத்தில்தான், பணம் செலுத்தாமைக்கான தண்டனையும் உயர்ந்தது. மத்திய வங்கி வெளியிடும் பல வீதங்களுள் 'கழிவு வீதம்' எது என்பதை ஒப்பந்தத்தில் தெளிவாகப் பெயர் குறித்து எழுதாமல் விடுவது பின்னர் தனிப் பிணக்காக முளைக்கும். ஒரு வரியில் தவிர்த்திருக்கக்கூடிய பிணக்கு அது.

பணம் வராத ஒப்பந்தக்காரர் பொறுமையாகக் காத்திருக்கக் கடமைப்பட்டவரல்லர். 21 நாள் அறிவித்தல் கொடுத்து வேலையை நிறுத்தலாம், அல்லது வேகத்தைக் குறைக்கலாம். செலுத்த வேண்டிய காலம் முடிந்து மேலும் 42 நாட்களாகியும் பணம் வராவிடின், 14 நாள் அறிவித்தலுடன் ஒப்பந்தத்தையே முடிவுறுத்தலாம். நிறுத்திய காலத்துக்கான செலவையும் இலாபத்தையும் கோரலாம். இந்த உரிமைகளை ஒப்பந்தக்காரர் பயன்படுத்தும்போது எமது அரசியல்வாதிகள் அதனைத் துரோகம் என்று மேடைகளில் வருணிப்பதுண்டு. கைச்சாத்திட்ட பத்திரத்தை அவர்கள் வாசிக்கவில்லை என்பதைத் தவிர அதில் வேறு பொருளில்லை.

இவ்வளவும் கூறியதால் நாம் ஒப்பந்தக்காரரின் பக்கம் நிற்பதாக வாசகர் எண்ணலாகாது. ஒப்பந்தக்காரருக்கும் ஒரு கடிகாரம் உண்டு. அது இன்னும் கடுமையானது. கூடுதல் காலமோ பணமோ தமக்கு உரியது என்று கருதினால், அதற்குக் காரணமான நிகழ்வை அறிந்த, அல்லது அறிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 28 நாட்களுக்குள் பொறியியலாளருக்கு எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். தவறினால் காலநீடிப்பும் இல்லை, பணமும் இல்லை. தொழில்தருநரின் பொறுப்பு நீங்கிவிடும். முழு விபரங்களுடனான கோரிக்கையை 42 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். 2017ஆம் ஆண்டுப் பதிப்பு அதனை 84 நாட்களாக்கியது. அந்தப் பதிப்பில் மேலும் இரு முக்கிய மாற்றங்கள் உண்டு. 28 நாள் விதி தொழில்தருநரின் கோரிக்கைகளுக்கும் சமமாகப் பொருந்தும் என்பது ஒன்று. அறிவித்தல் பிந்தி வந்தது என்று பொறியியலாளர் 14 நாட்களுக்குள் சுட்டிக்காட்டாவிட்டால் அது செல்லுபடியான அறிவித்தலாகவே கொள்ளப்படும் என்பது மற்றையது. அதாவது, அலுவலகத்தின் மௌனம் அலுவலகத்துக்கே எதிராகத் திரும்பும்.

இந்த 28 நாட்கள் எவ்வளவு பாரதூரமானவை என்பதை ஜிப்ரால்டர் வழக்கு உலகுக்குக் காட்டியது. அங்குள்ள விமான நிலையத்தின் ஓடுபாதைக்குக் கீழே சுரங்கப்பாதை அமைக்கும் வேலையை 2008 டிசம்பரில் ஸ்பெயினின் ஓ.எச்.எல். நிறுவனம் பொறுப்பேற்றது. ஒப்பந்தம் மஞ்சள் புத்தக வகையைச் சேர்ந்தது. பெறுமதி ஏறத்தாழ 30 மில்லியன் பவுண். காலம் இரண்டு ஆண்டுகள். இரண்டரை ஆண்டுகள் சென்றபோது முடிந்திருந்தது ஏறத்தாழ கால்வாசி வேலையே. மண்ணில் எதிர்பாராத மாசு, எதிர்பாராத பாறை, கடும் மழை என நிறுவனம் காரணங்களை அடுக்கியது. 2011இல் அரசாங்கம் ஒப்பந்தத்தை முடிவுறுத்தியது. லண்டன் நீதிமன்றம் 2014இல் அரசாங்கத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் 2015இல் அதனை உறுதிப்படுத்தியது. அந்த மண்ணின் வரலாற்றை அறிந்த அனுபவமிக்க ஒப்பந்தக்காரர் மாசை முன்கூட்டியே எதிர்பார்த்திருக்க வேண்டும் என்பது நீதிமன்றத்தின் நிலைப்பாடாக இருந்தது. நிறுவனம் கேட்ட காலமோ ஓராண்டுக்கும் மேல். கிடைத்திருக்கக்கூடியது விரல்விட்டு எண்ணக்கூடிய சில நாட்களே. அச்சில நாட்களிலும் முறையாக அறிவிக்கப்படாதவை கழிந்துபோயின.

ஆயினும் அதே தீர்ப்பில் ஒப்பந்தக்காரருக்கு ஆறுதலான ஒரு விளக்கமும் உண்டு. அறிவித்தலுக்குத் தனிப் படிவம் தேவையில்லை. எழுத்தில் இருப்பதும், நிகழ்வை விபரித்து இது கோரிக்கை என்று விளங்கக்கூடியதாக இருப்பதும் போதும். தாமதம் ஏற்படப்போகிறது என்பது தெளிவான நாளிலிருந்து மட்டுமன்றி, தாமதம் உண்மையில் ஏற்படத் தொடங்கிய நாளிலிருந்தும் காலத்தைக் கணிக்கலாம் என நீதிபதி தாராளமாகப் பொருள்கொண்டார். எல்லா நாட்டு நீதிமன்றங்களும் இவ்வாறே கருதும் என்று நம்பியிருப்பது புத்திசாலித்தனமல்ல. சுவையான பின்கதையும் இதற்குண்டு. 2016இல் இரு தரப்பும் சமரசமாகி, வழக்கில் தோற்ற அதே நிறுவனமே திரும்பிவந்து வேலையைத் தொடர்ந்தது. இரண்டு ஆண்டுகளில் முடிந்திருக்க வேண்டிய சுரங்கப்பாதை 2023 மார்ச்சிலேயே திறக்கப்பட்டது. வென்றவருக்கும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் பாதை இல்லை.

எம்மவரின் பெருங்குறை எழுத்தில் இல்லாமையே. சில ஆண்டுகளுக்கு முன் எமது அலுவலகத்துக்கு ஒரு பையுடன் வந்த உப ஒப்பந்தக்காரர் ஒருவரை நினைவுகூர்கிறோம். கிழக்கில் வீதி வேலையொன்றில் மதகுகளைக் கட்டியவர். வேலைத்தளத்தில் இருந்த அதிகாரி சொன்னபடி இரண்டு மதகுகளை நீளமாக்கியிருந்தார். மேலும் ஒன்றைப் புதிதாகக் கட்டியிருந்தார். பையில் சீமெந்துப் பற்றுச்சீட்டுகளும் ரிப்பர் வாகன வாடகைத் துண்டுகளும் இருந்தன. அந்த அதிகாரி சொன்னதற்கான ஒரு வரி எழுத்து மட்டும் இருக்கவில்லை. "அவர் நல்ல மனிசன் சேர், கேட்டால் ஒத்துக்கொள்வார்" என்றார். அந்த நல்ல மனிதர் அதற்குள் இடமாற்றம் பெற்று வேறு மாகாணத்துக்குப் போயிருந்தார்.

இத்தகையவர்களுக்காகவே ஒப்பந்த நிபந்தனையில் எளிய வழியொன்று வைக்கப்பட்டிருந்தது. பொறியியலாளரோ அவரால் அதிகாரமளிக்கப்பட்ட உதவியாளரோ வாய்மொழியாகக் கட்டளையிட்டால், ஒப்பந்தக்காரர் இரண்டு வேலைநாட்களுக்குள் அதனை எழுத்தில் உறுதிப்படுத்தி அனுப்ப வேண்டும். அடுத்த இரண்டு வேலைநாட்களுக்குள் மறுப்போ மாற்றுக் கட்டளையோ எழுத்தில் வராவிட்டால், ஒப்பந்தக்காரரின் கடிதமே எழுத்துமூலக் கட்டளையாகிவிடும். ஒரு கடிதம், ஒரு கையொப்பம், கையளித்த திகதி, அவ்வளவுதான். 2017ஆம் ஆண்டுப் பதிப்பிலோ, கட்டளை வேலைமாற்றம் என்று கருதும் ஒப்பந்தக்காரர் அந்த வேலையைத் தொடங்குமுன்னரே அறிவிக்க வேண்டும். 7 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் கட்டளை மீளப் பெறப்பட்டதாகவே கொள்ளப்படும். முதலில் கட்டிவிட்டுப் பின்னர் கேட்பவருக்கு அதில் இடமில்லை.

இவ்விதிகள் பிரதான ஒப்பந்தக்காரருக்கே நேரடியாக உரியவை என்பதையும் கூற வேண்டும். உப ஒப்பந்தக்காரருக்கு அவருடைய உப ஒப்பந்தம் எதைச் சொல்கிறதோ அதுவே சட்டம். மேலிடத்தில் 28 நாள் என்றால் கீழே 14 அல்லது 21 நாள் என்றிருக்கும். பிரதான ஒப்பந்தக்காரருக்கு அறிவித்தல் கொடுக்க அவகாசம் வேண்டுமல்லவா? தொழில்தருநரால் பெயர் குறித்து நியமிக்கப்படும் உப ஒப்பந்தக்காரருக்கு ஓரளவு பாதுகாப்புண்டு. அவருக்குப் பணம் போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பொறியியலாளர் கேட்கலாம். சேராவிடின் தொழில்தருநர் நேரடியாகவே செலுத்தலாம். சாதாரண உப ஒப்பந்தக்காரருக்கு அதுவும் இல்லை. 'எமக்குப் பணம் வந்தபின் உமக்குத் தருவோம்' என்ற ஒரு வாக்கியத்தின் கீழ் கையொப்பமிட்டு, மனைவியின் நகையை வங்கியில் வைத்து வேலை செய்தவர்கள் பலர். 2009இன் பின் வடக்கிலும் கிழக்கிலும் வீதிகளும் பாலங்களும் எழுந்த காலத்தில் எமது பிரதேசங்களில் உருவான சிறு நிறுவனங்கள் அனேகமாக இந்தப் படியிலேயே நின்றன. 2022இல் மேலே குழாய் அடைபட்டபோது முதலில் வரண்டுபோனது இந்தக் கடைசி வயல்தான்.

2022ஆம் ஆண்டு இன்னொரு பாடத்தையும் தந்தது. மார்ச் தொடக்கத்தில் டொலரொன்று ஏறத்தாழ 200 ரூபாய். மே மாதமளவில் 360 ரூபாயைத் தாண்டியது. சீமெந்து, கம்பி, டீசல் எல்லாம் அதனுடன் ஏறின. விலை ஏற்றத்தாழ்வுச் சூத்திரம் உள்ள ஒப்பந்தமாயின் அதற்கு வழியுண்டு. பட்டியல் தொகையில் ஒரு பங்கு மாறாது நிற்கும். மற்றைய பங்குகள் கூலி, பொருள், இயந்திரம் ஆகியவற்றின் சுட்டெண்களுடன் ஏறியிறங்கும். உதாரணமாக, மாறாப் பங்கு 10 சதவீதம், கூலி 20 சதவீதம், பொருள் 70 சதவீதம் என்று கொள்வோம். கூலிச் சுட்டெண் 100இலிருந்து 120 ஆகவும் பொருட் சுட்டெண் 100இலிருந்து 180 ஆகவும் உயர்ந்தால், 10 மில்லியன் பட்டியல் 16 மில்லியனாகக் கணிக்கப்படும். குறுகிய கால வேலைதானே என்று சூத்திரத்தை நீக்கிவிட்டு நிலையான விலைக்குக் கையொப்பமிட்டவர் அந்த 6 மில்லியனைத் தன் கையிலிருந்து போட வேண்டும். போட முடியாதவர் வேலையை விட்டு ஓடுவார். பின்னர் அதே வேலைக்கு அரசாங்கம் புதிதாகக் கேள்விமனு கோரும்போது கேட்கப்படும் விலை 16 மில்லியனுக்குக் குறையாது. சூத்திரத்தை நீக்குவதால் மிஞ்சும் பணம் எது என்று நாம் பல தடவை கேட்டிருக்கிறோம்.

பிணக்கு முற்றினால் எங்கே செல்வது? நேரே நீதிமன்றத்துக்கல்ல. பொறியியலாளரின் தீர்மானத்தை ஏற்காத தரப்பு பிணக்குத் தீர்ப்புச் சபைக்குச் செல்ல வேண்டும். ஒருவரோ மூவரோ கொண்ட அச்சபை 84 நாட்களுக்குள் முடிவு தர வேண்டும். அம்முடிவை விரும்பாதவர் 28 நாட்களுக்குள் அதிருப்தி அறிவித்தல் கொடுத்து நடுத்தீர்ப்புக்குச் செல்லலாம். ஆனால் அதுவரை முடிவுக்குக் கட்டுப்பட்டாக வேண்டும். முதலில் செலுத்து, பின்னர் வாதாடு என்பதே இதன் உட்கிடை.

எழுதுவது எளிது, செலுத்தச் செய்வது எவ்வளவு கடினம் என்பதற்கு இந்தோனேசிய எரிவாயுக் குழாய் வழக்கு சாட்சி. அந்நாட்டின் அரச எரிவாயு நிறுவனம் பிணக்குத் தீர்ப்புச் சபையின் முடிவின்படி 2008 நவம்பரில் ஒப்பந்தக்காரருக்கு 17 மில்லியன் டொலருக்குச் சற்று அதிகமாகச் செலுத்த வேண்டியிருந்தது. அது அதிருப்தி அறிவித்தல் கொடுத்துவிட்டுப் பணத்தை நிறுத்திவைத்தது. ஒப்பந்தக்காரர் நடுத்தீர்ப்பில் வென்றார். அந்த நடுத்தீர்ப்பைச் சிங்கப்பூர் நீதிமன்றங்கள் நடைமுறைத் தவறு ஒன்றைக் காட்டி ரத்துச் செய்தன. அவர் மீண்டும் நடுத்தீர்ப்புக்குச் சென்று மீண்டும் வென்றார். சிங்கப்பூர் மேன்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையால் 2015 மே மாதம் அதனை நிலைநிறுத்தியது. உடனே செலுத்த வேண்டிய பணத்துக்கு ஆறரை ஆண்டுகள். இடையில் ஃபிடிக் அமைப்பு 2013இல் தன் நிபந்தனையைத் தெளிவுபடுத்தி வழிகாட்டற் குறிப்பொன்றை வெளியிட வேண்டியதாயிற்று. 2017ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்த ஓட்டை அடைக்கப்பட்டதுடன், பிணக்கு எழுமுன் தவிர்ப்பதையும் சபையின் கடமையாக்கினர். ஆனால் வேலை ஆரம்பிக்கும்போதே சபையை நியமித்தால்தான் அது தளத்துக்கு வந்து பார்த்து ஆலோசனை கூற முடியும். கொடுப்பனவை மிச்சம் பிடிப்பதற்காக நியமனத்தைப் பிணக்கு வரும்வரை தள்ளிப்போடுவது, வைத்தியரை மரண அத்தாட்சிப் பத்திரம் எழுதுவதற்கு மட்டும் அழைப்பதை ஒத்தது.

வளைகுடா நாடுகளின் நிர்மாண நிறுவனங்களில் கியூ.எஸ். என்று அழைக்கப்படும் அளவு மதிப்பீட்டாளர்களாகவும் ஒப்பந்த நிர்வாகிகளாகவும் இலங்கையர் பலர் பணிபுரிகின்றனர். அவர்களுள் தமிழரும் முஸ்லிம்களும் கணிசமானோர். மேற்கூறிய அறிவித்தல்களை எழுதுவதும், 28 நாட்களை எண்ணுவதும், எதிர்த்தரப்பின் கடிதத்துக்கு மறுநாளே பதில் வரைவதும் அவர்களின் அன்றாட வேலை. அதாவது இந்த அறிவு எமது சமூகங்களில் இல்லாத ஒன்றல்ல. விடுமுறையில் ஊருக்கு வரும் இவர்களிடம் தமது உப ஒப்பந்தத்தைக் காட்டி, கையொப்பமிடுமுன் ஒரு மாலைப்பொழுது பேசும் வழக்கம் எமது சிறு ஒப்பந்தக்காரர்களிடையே இன்னும் வேரூன்றவில்லை. கையொப்பமிட்ட பின்னரே காட்டுகின்றனர்.

அரசாங்கத் தரப்பிலும் கேட்கப்பட வேண்டிய கேள்விகள் சில உண்டு. மீண்டும் ஆரம்பிக்கப்படும் ஒவ்வொரு திட்டத்திலும் நிறுத்திவைத்த காலத்துக்கான கோரிக்கைகள் எவ்வளவு? அவற்றுள் எவை தீர்க்கப்பட்டன, எவை நடுத்தீர்ப்பில் உள்ளன? ஒப்பந்தக்காரர்கள் குறித்த காலத்தில் அறிவித்தல் கொடுத்தனரா என்று எவராவது கோவையைப் பார்த்தனரா? அவர்களுக்குக் குறித்த காலத்தில் பதில் சென்றதா? உப ஒப்பந்தக்காரர்களுக்குச் சேர வேண்டியது சேர்ந்ததற்கான சான்று கேட்கப்பட்டதா? பாராளுமன்ற உறுப்பினரொருவர் வாய்மூல விடைக்காக இவற்றை எழுப்ப முடியும். பொதுக் கணக்குக் குழுவும் அரசாங்கப் பொறுப்பு முயற்சிகள் பற்றிய குழுவும் சம்பந்தப்பட்ட அதிகாரிகளை அழைத்து விசாரிக்க முடியும். கேள்வி எழுப்புபவர் ஒவ்வொரு ஒப்பந்தத்தின் கடிதப் பதிவேட்டையும், பெறப்பட்ட திகதி, பதிலளித்த திகதி என்ற இரு நிரல்களுடன் சபையில் சமர்ப்பிக்கும்படி கேட்டால், பதில் திகதியின் நிரலில் எத்தனை கட்டங்கள் வெறுமையாக இருக்கின்றன என்பதை நாடு காணலாம்.